கம்பி பிரேக்கும் எண்ணெய் பிரேக்கும்

மதுரையிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூரைக் கடந்து திருமங்கலம் வந்து சேரும் பிரயாணிக்கு, ஏற்றம் இறக்கம் என்று சொல்லும்படியாக வழியில் ஒன்றும் எதிர்ப்படுவதில்லை. ஆகையால் இவ்வட்டாரத்தில் சைக்கிள் வாங்கியவனுக்குக் கேரியர் எவ்வளவு பாரம் தாங்கும், ரிம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பவையே முக்கியமான விசாரணைகளாக இருக்க, பிரேக் கடைசிக் கேள்வியாகவே நின்றது. வண்டியை நிறுத்தும் உபகரணத்தின் சரித்திரம் சாலையின் சரிவைப் பொறுத்தே நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலேய நிறுவனமொன்றோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகளில் இருந்தது கம்பி பிரேக். கைப்பிடிக்கு அடியிலுள்ள நெம்பை விரல்களால் மேலே இழுத்தால், இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று தூக்கி, இரண்டு ரப்பர்க் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில் கொண்டுபோய் அழுத்தும். கெட்டியான, ஏறத்தாழ அழிவில்லாத ஏற்பாடு. ஆனால் மழை பெய்து ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும். தவிர, திருமங்கலத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் பரந்து கிடக்கும் கரிசலில் மழைக்கு மறுநாள் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் தானாகவே நின்றுவிடும்; குச்சியால் சுரண்டிவிட்டு, அதுவும் பலிக்காதபோது வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. அந்த மண்ணுக்குமேல் பிரேக் எதற்கு?

எண்ணெய் பிரேக்குக்கு அடிப்படையான, மூடிய குழாயிலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற தத்துவத்தைப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் 1921இல் நான்கு சக்கரங்களுக்கும் அதைப் பிரயோகித்தது. மதுரையில் பஸ் ஓட்டுவதில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குடும்பம், 1962இல் ஆங்கிலேய லூகாஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு பிரேக்ஸ் இந்தியாவைச் சென்னைப் பாடியில் நிறுவியபோது, மோட்டார் வண்டிகளுக்கான எண்ணெய் பிரேக் நம்மவர் கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. ஆக, இந்த வித்தையோடு மதுரைக்குள்ள உறவு, பந்தயச் சைக்கிளுக்குள்ளதைவிட மூத்தது.

கார் கற்றுக்கொண்டதைப் பந்தயச் சைக்கிள் ஏற்க ஏன் தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று? எடை ஒரு காரணம்; பழைமைப் பிடிவாதம் மற்றொன்று. 1903இல் தொடங்கிய பிரெஞ்சுப் பெரும்பந்தயமான டூர் டி பிரான்ஸ், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை 1937 வரையில் தன் வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் வியப்பளிக்காது. ஆல்ப்ஸ் மலையின் நீண்ட இறக்கங்களில் கார்பன் ரிம் சூடேறுவதும், மழையில் கட்டை பற்றாமற்போவதும்தான் கடைசியில் மனத்தை மாற்றின. சக்கரத்தின் நடுவே தனி எஃகுத் தட்டு. அதை இருபுறமும் எண்ணெயின் அழுத்தத்தால் கவ்வும் கட்டைகள். ஒரு விரலின் பலம் போதும். இந்தத் தட்டு பிரேக்கைச் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 2015இல் பரீட்சார்த்தமாக அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ வென்டோசோ, தம் காலைக் கிழித்தது அந்தத் தட்டுதான் என்று குற்றஞ்சாட்டவே, அனுமதி நிறுத்தப்பட்டது. மறுவருஷமே பரீட்சை மீண்டது. மார்செல் கிட்டல் தட்டு பிரேக் வண்டியில் டூரின் ஒரு நாள் ஓட்டத்தை வென்றார். 2018 ஜூலையில் நிரந்தர அனுமதி கிடைத்தது.

நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாணவருக்கு நடக்கும் சைக்கிள் போட்டி, இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட வண்டியைத்தான் கொண்டுவரச் சொல்கிறது. இதைப் பிற்போக்கு என்று நான் சொல்லமாட்டேன். விலையுயர்ந்த வண்டி பந்தயத்தை வெல்லாமல் பையனின் கால் வெல்லட்டும் என்ற நியாயம் அதில் உண்டு. எண்ணெய் பிரேக்குக்குப் பராமரிப்புத் தொல்லையும் உண்டு: குழாயில் ஒரு குமிழ்க் காற்று புகுந்தாலும், எண்ணெய்போலன்றிக் காற்று சுருங்கக்கூடியதாகையால், நெம்பு பஞ்சுபோல் அமுங்கிச் சக்கரம் நிற்காது. பஞ்சர் ஒட்டிக் கோட்டம் எடுக்கும் சைக்கிள் கடைக்காரருக்கு இந்த வேலை புதிது; அடுத்த கடையில் ஜீப்புக்கு ‘ஏர் எடுக்கும்’ மெக்கானிக்குக்கோ, பல வருஷங்களாகப் பழகியது.