பழவேற்காடு ஏரியும் உல்லாசப் பிரயாணமும்

பழவேற்காடு ஏரி, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், ஸ்ரீஹரிகோட்டாத் தீவினால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலுமாகப் பரந்து கிடக்கும் உவர்நீர்க் காயலாகும். சில்கா ஏரிக்கு அடுத்தபடி பாரத தேசத்தில் இதுவே பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் நன்னீரோடு முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீர் கலப்பதனால் இறாலும் நண்டும் மடவையும் இங்கே விருத்தியடைகின்றன. ஆழம் குறைந்த நீரில் இரை தேடிப் பனிக்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நகரவாசிகளை ஈர்ப்பவை பறவைகள் மட்டுமல்ல. டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் சிதைவும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அவர்களது கல்லறைத் தோட்டமும் ஏரிக்கரையிலுள்ள பழவேற்காடு ஊரில் உள்ளன. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அவர்களுடைய சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதுவே தலைநகர். இத்துறையிலிருந்து துணிமூட்டைகளோடு அடிமைகளாக விற்கப்பட்ட மனிதரும் கப்பலேற்றப்பட்டனர் என்பதை, அந்தச் சிற்பங்களின் அழகில் லயித்து நிற்போர் அறிந்திருத்தல் அவசியம்.

வருவோரின் களிப்பு இங்கு வாழ்வோரின் க்ஷேமமாக எவ்வாறு மாறும் என்பதற்கு வழிகாட்டி வெளியே இல்லை; குப்பங்களின் பழைய ஏற்பாடான ‘பாடு’ முறையிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர், வளமான இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாதபடி, வலையிடும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று நல்ல பாடு கிட்டியவர் நாளை மெலிந்த பாட்டுக்குச் செல்வார். முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும். பாட்டுரிமை இல்லாத குப்பத்தாருக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு, அதையும் மறைக்கலாகாது. ஆயினும், ஒரே நீரை நம்பிய பலர் ஒருவரையொருவர் அழிக்காமல் ஜீவிக்க வழிசெய்த இம்முறையைப் படகோட்டம், உணவு, வழிகாட்டல் ஆகியவற்றின் வருமானத்துக்கும் விரித்தாலன்றி, யாத்ரிகர் செலவிடும் பொருள் நாலைந்து பேரிடமே தேங்கிவிடும்.

ஒழுங்கின்றி வளரும் உல்லாசம் உயிரையும் கொள்ளும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் யாத்ரிகரைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது. தடை வேண்டியதே. ஆனால் பயிற்சியும் மிதவைச் சட்டையும் ஏற்றும் ஆட்களின் கணக்கும் முன்னரே கட்டாயமாக்கப்பட்டிருந்தால், துக்கமும் பிழைப்பிழப்பும் ஒருசேரக் குப்பங்களின் மேல் விழுந்திரா. நீரில் இறங்காமலே ஈட்டும் தொழிலும் உண்டு: ஊரின் முஸ்லிம் மகளிர் சாயமேற்றிய பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் வருவோர் விரும்பி வாங்குபவை, மீன்பிடி மந்தமான மாதங்களிலும் அவர்கள் கைகள் ஓய்வதில்லை.

இவையனைத்துக்கும் ஆதாரம் முகத்துவாரம். மணல் மேடிட்டு அது அடைபட்டால் கடல்நீர் உட்புகாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, கடலுக்குப் போகும் படகுகள் வெளியேற இயலாமல் கரையிலேயே கிடக்கும். ஆகவே, இவ்வூரின் உல்லாசப் பிரயாண அபிவிருத்திக்குப் பணம் ஒதுக்குவோர், கரையில் நடைபாதையும் நிழற்குடையும் அமைப்பதற்கு முன்னால், அந்த மணலை அகற்றும் வேலையையே முதற்செலவாகக் கொள்ளல் வேண்டும்.