தமிழ்த் தட்டச்சும் ஷிப்ட் விசையும்

தானாக எழுத்து எதையும் இடாமல், உடன் அழுத்தப்படும் மற்றொரு விசையின் பயனை மாற்றித் தரும் ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போன்றவை மாற்று விசைகள் ஆகும். ஆங்கிலத்தில் ஷிப்ட் பெரிய எழுத்துக்கானது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. இருந்தும் 247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்க வேண்டியிருந்ததால் ஷிப்ட் இங்கும் தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். நகரா விசை அவர் கண்ட வழி. புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் 'க' அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகும். அதாவது புள்ளி முதலில், எழுத்து பிறகு. பாளையங்கோட்டை உட்படத் தமிழக ஊர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்குப் பயின்றவர்களின் விரல்களில் பதிந்தது இந்த வரிசையே. அந்தப் பொறியில் ஷிப்டை அழுத்துவது சுண்டுவிரலுக்குப் பெரும் பாடு.

கணினியில் வரிசை தலைகீழானது. ஒருங்குறியில் மெய்யின் பின்னரே புள்ளி சேமிக்கப்படும். எழுத்துக்கு முன்னால் தெரியும் கொம்பும் சேமிப்பில் பின்னால்தான் நிற்கும். எனவே பழைய தட்டச்சு முறையைக் கணினிக்குக் கொண்டுவரும் மென்பொருள், முதலில் வந்த குறியைப் பிடித்து வைத்திருந்து, எழுத்து வந்தபின் இடம் மாற்ற வேண்டும்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் ண, ன, ற, ள, ழ ஆகிய ஐந்துக்கும் ஷிப்ட் வேண்டும். தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகளை இப்படி மேல்வரிசைக்குத் தள்ளியது தமிழுக்குப் பொருந்தாத ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிப்ட். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'ங'வும் 'க'வும் அடுத்தடுத்து வந்தால் 'ங்க' ஆகும். புள்ளி வேண்டாமெனில் இடையில் 'அ' அழுத்த வேண்டும். தட்டச்சுச் சான்றிதழ் பெற்றவர்களோ விரல்களை மீண்டும் பழக்க வேண்டியதாயிற்று. அரசின் தேர்வும் அரசின் விசைப்பலகையும் வெவ்வேறாக இருந்தது வினோதமே.

மொழி மாற்றும் விசையும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ். மேக்கில் கண்ட்ரோலுடன் ஸ்பேஸ். லினக்ஸின் க்னோம் சூழலில் சூப்பர் விசையுடன் ஸ்பேஸ். என்.எச்.எம். ரைட்டர் பயன்படுத்தியவர்களுக்கு ஆல்ட்டுடன் எண் அழுத்திப் பழக்கம். லினக்ஸ் உலாவியில் அதே ஆல்ட்டும் எண்ணும் தாவலை மாற்றிவிடும். லினக்ஸிலும் மேக்கிலும், ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படும் கேப்ஸ் லாக் விசையை மொழி மாற்றுவதற்கு அமைத்துக்கொள்ளலாம். தமிழில் அதிகம் எழுதுவோருக்கு அது வசதி.