மருதையாறு தரும் பாடம்

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு, தமிழக அரசியல் வரலாற்றில் இருமுறை இடம்பெற்றுள்ளது.

1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தால் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணையமைச்சர் ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து தி.மு.க. எழுப்பிய முழக்கம் கடுமையானதே. ஆயினும் 1957 தேர்தலில் அது கேட்டது மக்களின் வாக்கை மட்டுமே.

1987 மார்ச் 15 அன்று, அதே ஆற்றுப் பாலத்தில் தமிழ்நாடு விடுதலைப் படையினர் குண்டு வைத்தனர். மலைக்கோட்டை விரைவு ரயிலில் வந்த 20க்கும் மேற்பட்டோர் பலியாயினர். தமிழருக்காக ஏந்தியதாகச் சொல்லப்பட்ட ஆயுதம் தமிழகத்துப் பயணிகளையே கொன்றது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று, பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்கு முயன்ற அவ்வியக்கத் தலைவர் தமிழரசனை மக்கள் அடித்துக் கொன்றனர். அதையும் நீதி என நாம் கூறோம்.

வன்முறைப் பேச்சை ஏசி அடக்க இயலாது. ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை எதிர்த்து, இறைத்தீர்ப்பின் பெயரால் வாளெடுக்கத் துணிந்த கவாரிஜ்களிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நேரில் சென்றார்கள். அவர்களது ஆட்சேபங்களை முழுமையாகக் கேட்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட வேதத்திலிருந்தே விடையளித்தார்கள். பலர் மனம் திரும்பினர்.

நமக்கும் அதுவே வழி. மனக்குறை நியாயமானதெனில் ஒப்புக்கொள்வோம். பின்னர், 'இவ்வழியில் மாளப்போவது யார்?' என வினவுவோம். அவ்வினாவை நமக்கு வேண்டியவர்களின் மேடையில்தான் முதலில் எழுப்ப வேண்டும்.