சிகரெட்டே தொடாத அப்பாவுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருமா?

உங்க அப்பாவோ மாமாவோ வெல்டிங் பட்டறை, கல்குவாரி, பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிரிக்கிற வேலைனு பல வருஷம் இருந்தவரா? 'அவருக்குத்தான் சிகரெட் பழக்கமே இல்லையே'ன்னு இதைத் தாண்டிப் போயிடாதீங்க.

ஆஸ்பெஸ்டாஸ், சிலிகா தூசு, வெல்டிங் புகை, டீசல் புகை எல்லாமே புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. டீசல் புகை அந்தப் பட்டியலில் ஏறியது 2012-ல்தான். ஆஸ்பெஸ்டாஸோடு சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிவிடும்.

சிக்கல் என்னன்னா, தூசு உள்ளே போய் நோய் வெளியே தெரிய 15 முதல் 40 வருஷம்கூட ஆகலாம். அதற்குள் அப்பா ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்திருப்பார். 'என்ன வேலை பார்த்தீங்க?'ன்னு டாக்டர் கேட்டால் 'வீட்லதான் இருக்கேன்' என்பார். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்றால் நம்ம ஊரில் முதலில் டி.பி சந்தேகம்தான் வரும். அது தப்பில்லை, சிலிகா தூசில் வேலை பார்த்தவர்களுக்கு டி.பி வரும் வாய்ப்பும் அதிகம். ஆனால், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, மாத்திரை சாப்பிட்டும் குறையலை என்றால், 'சி.டி ஸ்கேன் பார்க்கலாமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்க.

அறிகுறி வரும் முன்பே கண்டுபிடிக்க எக்ஸ்ரே போதாது, சின்னக் கட்டிகள் அதில் தப்பிவிடும். அதிகம் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவிகிதம் குறைவு. அதற்காக 'ஆஃபர் பேக்கேஜ்' பார்த்து ஓட வேண்டாம். ஸ்கேனில் தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. வீண் பயமும் வீண் ஊசியும்தான் மிச்சமாகும். வயது, வேலை, புகைப்பழக்கம் மூன்றையும் வைத்து நுரையீரல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் பாதுகாக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்க. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய், சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது.

இன்னிக்கு சாயங்காலம் அப்பாகிட்ட உட்கார்ந்து, எந்தக் கம்பெனி, எந்த வருஷம், என்ன தூசு, மாஸ்க் கொடுத்தாங்களா என்று கேட்டு மொபைலில் குறிச்சு வைங்க. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது முதலில் அதைக் காட்டுங்க.