ஆறாத புண்ணும் உயிரிப்படலமும்: வேலூர் வட்டாரத்தின் மருத்துவ வரலாறு

நீண்ட நாள் ஆறாத புண்ணில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தனித்தனியாக வாழ்வதில்லை. தாமே சுரக்கும் பசை போன்ற பொருளுக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. இந்தக் கூட்டு வாழ்க்கையே பயோஃபிலிம் எனப்படும் உயிரிப்படலம். பல் இடுக்கில் படியும் காறையும் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் படியும் வழுவழுப்பும் இதே வகையைச் சேர்ந்தவை. மனிதப் புண்களில் இப்படலம் எவ்வளவு பரவலாக உள்ளது என்பது 2008இல்தான் ஆய்வில் தெளிவாயிற்று. ஆனால் ‘புண் ஏன் ஆறவில்லை’ என்ற கேள்வி அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே வேலூரிலும் கரிகிரியிலும் தீவிரமாக ஆராயப்பட்டது.

பின்னணி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. தோல் பதனிடுதலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. தொழுநோய் மிகுந்திருந்த பகுதியும் இதுவே. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனை, 1918இல் மருத்துவப் பள்ளியைப் பெற்று, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. தொழுநோய்க்கென்றே ஷிஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம் 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் நிறுவப்பட்டது.

சதை அழுகும் நோயா?

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைக்க, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். மடங்கிய விரல்களையும் குறைந்துபோன கால்களையும் அங்கே கண்டார். தொழுநோயாளியின் சதை ‘நல்ல சதை’ அல்ல, அது தானே அழுகி உதிரும் என்பது அக்காலத்தில் மருத்துவர்களிடமும் பரவியிருந்த கருத்து. அதனால் புண்ணுக்கு மருந்து கட்டுவதோடு பலர் நிறுத்திக்கொண்டனர்; அதற்கும் ஆறாவிட்டால் காலை எடுத்தனர்.

வேலூரில் கைகளுக்கு அறுவை செய்தபோது, அந்தக் காயங்கள் பிறருடையதைப் போலவே ஆறின. அப்படியானால் உள்ளங்கால் புண் மட்டும் ஏன் ஆறவில்லை? மறுவாழ்வுக்காகத் தங்கியிருந்த இளைஞர்களின் கைகால்களை நாள்தோறும் பார்த்து, ஒவ்வொரு புதுக் காயமும் எப்படி வந்தது என்று பிராண்ட் குழுவினர் தேடினர். சூடான பாத்திரம், ஆணி, கருவிகளின் கைப்பிடி என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இரவில் எலி கடித்தும் விரல்கள் குறைந்திருந்தன. தூங்கியவருக்கு அது தெரியவில்லை. இதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததாகப் பிராண்ட் எழுதியிருக்கிறார்.

நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாதவர் புண்பட்ட காலையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடக்கிறார். பிராண்ட் குழுவினர் கண்ட விடை இதுதான். மருந்தால் நோய் குணமான பிறகும் இழந்த உணர்ச்சி திரும்பாமல் போகலாம். அதனால் நோய் தீர்ந்தவருக்கும் புண் வந்துகொண்டே இருக்கும்.

மாவுக்கட்டும் செருப்பும்

காரணம் அழுத்தம் என்றால் மருத்துவம் அழுத்தத்தைக் குறைப்பதாகும். உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போடும் முறையை 1930களிலேயே இலங்கைத் தமிழரான அறுவை மருத்துவர் மில்ரோய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் கையாண்டிருந்தனர். பிராண்ட் அதை விரிவாகப் பயன்படுத்தினார். கால் முழுவதும் ஒட்டியிருக்கும் கட்டு உடலின் பாரத்தைப் பாதம் எங்கும் பரப்பிவிடுகிறது. புண்ணின் மீது விழும் சுமை குறைகிறது. நோயாளி படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, கட்டோடு நடமாடலாம்.

ஆறிய புண் மீண்டும் வராமல் இருக்கச் செருப்பு வேண்டும். கடினமான அடித்தோல் வைத்த செருப்பு உணர்ச்சியற்ற காலுக்கு ஆகாது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரை உள்ளே வைத்துத் தைத்த செருப்பு கரிகிரியில் உருவாக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது ‘எம்.சி.ஆர். செருப்பு’ ஆயிற்று. காலணித் தொழிலுக்குப் பெயர்போன வட்டாரத்தில் செருப்பே மருந்தாயிற்று.

பிராண்ட் 1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மாவுக்கட்டு முறையும் அவருடன் சென்று, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்குப் பயன்படத் தொடங்கியது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் மாவுக்கட்டு பெற்ற 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது. வழக்கமான கட்டு மட்டும் பெற்ற 19 பேரில் 6 பேருக்கே ஆறியது.

உயிரிப்படலம் அறியப்பட்ட கதை

இதற்கிடையே நுண்ணுயிரியல் வேறொரு திசையில் நடந்தது. டச்சு நாட்டின் லேவன்ஹூக் 1683இல் தம் பல் காறையை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். ஆனால் பின்வந்த ஆய்வகங்கள் பாக்டீரியாவைத் தூய திரவத்தில் தனித்து வளர்த்தே படித்தன. கனடாவின் வில்லியம் காஸ்டர்டனும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் எழுதிய கட்டுரை, இயற்கையில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வாழ்கிறது என்பதைப் பலரும் அறியச் செய்தது.

2008இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, புண்களிலிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தது. நாள்பட்ட புண்கள் 50இல் 30இல் உயிரிப்படலம் இருந்தது. புதுக் காயங்கள் 16இல் ஒன்றில் மட்டுமே இருந்தது.

புண்ணில் அடையாளம் காணுதல்

உயிரிப்படலத்தை வெறுங்கண்ணால் உறுதிசெய்ய முடியாது. புண்ணின் மேல் தெரியும் மஞ்சள் படிவு பெரும்பாலும் செத்த திசுவும் புரதமும் கலந்ததாக இருக்கலாம். அதையே படலம் என்று கொள்வது தவறு. பஞ்சுக்குச்சியால் மேலே தடவி எடுக்கும் சோதனையும் போதாது. மேற்பரப்பில் ஒரு கிருமி இருக்க, ஆழத்தில் வேறொன்று இருக்கலாம். சூடோமோனாஸ் கிருமி, ஸ்டாஃபிலோகாக்கஸைவிட ஆழமான இடத்தில் தங்குவது 2009இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி. ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் அது இயலாது.

ஆகவே மருத்துவர் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து ஐயுற வேண்டியிருக்கிறது. பன்னாட்டு நிபுணர் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லும் அறிகுறிகளில் முக்கியமானவை: பொருத்தமான மருந்து கொடுத்தும் ஆறாமை, மருந்தை நிறுத்தியதும் திரும்புதல், நீர் அதிகம் கசிதல், தணியாத மெல்லிய அழற்சி, தொட்டால் இரத்தம் கசியும் நலிந்த சதை வளர்ச்சி.

படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக் மருந்து எளிதில் கொல்வதில்லை. பசைப்பொருள் தடுக்கிறது, உள்ளே பல கிருமிகள் மந்த நிலையில் உறங்குகின்றன. எனவே முதலில் புண்ணைச் சுரண்டித் தூய்மை செய்ய வேண்டும். அப்போதும் மிஞ்சியவை மீண்டும் படலம் கட்டும். புதிதாய் உருவாகும் படலம் முதல் ஒரு நாள் அளவில்தான் மருந்துக்கு எளிதில் வசப்படுகிறது. ஒருமுறை சுரண்டுவதோடு நிறுத்தாமல் தொடர்ந்து செய்வது இதனால்தான்.

இரு அறிவுகளும் சேரும் இடம்

தொழுநோய் மருத்துவமனைகளில் புண்ணின் ஓரக் காய்ப்பையும் செத்த திசுவையும் வெட்டி நீக்குவது நெடுங்கால வழக்கம். படலம் என்ற பெயர் அறியப்படாத காலத்திலும் அதன் ஒரு பகுதி அப்போது நீங்கியிருக்கும். ஆனால் வேலூர் வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. படலத்தைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகும், அதே காலை அதே செருப்போடு ஊன்றினால் திசு மீண்டும் சிதையும். சிதைந்த திசு கிருமிக்கு மீண்டும் இடம் கொடுக்கும். பாரத்தைக் குறைத்தும் புண் ஆறவில்லை என்றால் இரத்த ஓட்டக் குறைவு, எலும்பில் தொற்று, உயிரிப்படலம் ஆகியவற்றைத் தேட வேண்டும். இரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும் கடும் தொற்றுள்ள காலுக்கும் மாவுக்கட்டு போடலாகாது.

இன்றைய பொருத்தம்

இந்திய அளவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழாகக் குறைந்ததாக 2005 இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் உணர்ச்சி இழந்த கால்கள் குறையவில்லை. இன்று அவற்றில் பெரும்பங்கு சர்க்கரை நோயாளிகளுடையவை. கரிகிரியின் எம்.சி.ஆர். செருப்பை இப்போது அவர்கள் கடைகளில் கேட்டு வாங்குகின்றனர். ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே போனால் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பெருகும், கால் பிழைக்காது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்ப்பதும், செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், சில வாரங்களில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுவதும் செலவில்லாத காப்புகள். வலியற்ற புண் என்பதாலேயே அதைச் சிறிதென்று எண்ணிவிடக் கூடாது.