முக அளவு (உருவ ஓவியம்)

உருவப்படம் வரையப் பழகுவோர், கண், மூக்கு, வாய், காது ஆகியவற்றை முகத்தில் உரிய இடத்தில் வைக்கக் கற்கும் விகித முறை. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண்கள் அமையும். நேர்முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம். இரு கண்களுக்கு இடையில் ஒரு கண் அளவு இடம் இருக்கும். காதுகள் புருவ மட்டத்தில் தொடங்கி மூக்கடியில் முடியும். ஓவிய வகுப்பில் அதிகம் காணப்படும் பிழை, கண்களை நெற்றிவரை ஏற்றிவிடுவது. முடி மூடிய மண்டையை மாணவர் கணக்கில் சேர்க்காததே காரணம். குழந்தை முகத்தில் மண்டை பெரிது, தாடை சிறிது. ஆகவே கண்கள் பாதிக்கும் கீழே இறங்கும்.

சிற்ப நூல்களில் இத்தகைய விகித முறைக்குத் தாலமானம் என்று பெயர். ஒரு தாலம் 12 அங்குலம். இது அளவுகோலின் அங்குலம் அன்று. படிமத்தின் உயரத்தைப் பகுத்து எடுப்பது. 108 அங்குல நவதாலப் படிமத்தில் முகம் ஒரு தாலம். நெற்றி, மூக்கு, மூக்கடி முதல் மோவாய் வரை என அது மூன்று சம பங்காகும். ரோமானியரான விட்ருவியஸும் முகத்தை இவ்வாறே மூன்றாகப் பிரித்தார். தாலமானத்தில் பிள்ளையார் படிமத்துக்கு ஐந்து தாலமே போதும்.

இலக்கண அளவு எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் பார்க்கலாம். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் தூண்களில் ஆடல் மகளிர் இருவரும், ஓர் அரசனும் அரசியும் தீட்டப்பட்டுள்ளனர். அந்த அரசன் பல்லவன் மகேந்திரவர்மன் என்று முதலில் கருதினர். குடைவரை அருகே உள்ள கல்வெட்டு, அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அதைக் கொண்டு, ஓவியத்து அரசன் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று பின்னர் கருதப்பட்டது. ஆளை அடையாளம் காட்ட முகம் உதவவில்லை, எழுத்துத்தான் உதவியது. மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரையிலும் சிம்மவிஷ்ணுவையும் மகேந்திரவர்மனையும் நாம் அறிவது, சிற்பங்களுக்கு மேலே பெயர் பொறித்திருப்பதால்தான். பொது அளவில் அமைந்த முகம் அழகாக இருக்கும், ஆனால் யாருடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே வகுப்பில் கற்பிக்கும் அளவுக்கோடுகள் ஆளை வரைவதற்கான தொடக்கம் மட்டுமே. பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, எதிரே அமர்ந்திருப்பவரின் மூக்கு நீளத்தையும் நெற்றி உயரத்தையும் ஒப்பிட்டால், பொது விகிதத்திலிருந்து அவர் முகம் விலகும் இடங்கள் தெரியவரும். சாயல் அந்த விலகல்களில்தான் இருக்கிறது. மெல்லிய கோட்டில் விகிதம் போட்டு, பார்த்ததைக் கொண்டு அதைத் திருத்தி, பிறகு கோடுகளை அழிப்பதே சரியான வரிசை. இதைச் சொல்லித் தராமல் கட்டம் போட்டுப் புகைப்படத்தைப் பெரிதாக்கப் பழக்கும் ஆசிரியர், மாணவரின் கையைப் பயிற்றுகிறார், கண்ணை அல்ல.

ஓவியத்தை நேரில் பார்க்க விரும்புவோருக்கு, சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அரசன் ஓவியம் மிகவும் மங்கிவிட்டது. விதானத்துத் தாமரைக் குளக் காட்சி அதைவிடத் தெளிவாக இருக்கிறது.