பெயர் எழுதப்படாத குரு

'நல்லா மூக்கறுபட்டான்' என்று நாம் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் அது நிஜமாகவே கொடுக்கப்பட்ட தண்டனை. 1792-ல் முடிந்த மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். க்ரூசோ, ஃபின்ட்லே என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் அதை நேரில் பார்த்தார்கள்.

எஞ்சினியருக்கு மூக்கைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். செய்முறையைக் கேளுங்கள், நம் குரோம்பேட்டை டிராயிங் ஹால் ஞாபகம் வரும். மெழுகில் மூக்கு மாதிரி செய்து, அதைத் தட்டையாக விரித்து, நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். தகரத்துக்கு நாம் போட்ட 'டெவலப்மென்ட்' தானே இது! கோட்டின்படி தோலைக் கீறி எடுத்தாலும், புருவங்களுக்கு நடுவே ஒரு பட்டையை மட்டும் வெட்டாமல் விட்டார். ரத்த ஓட்டம் அதன் வழியாகத்தான். தோலைத் திருப்பிக் கீழிறக்கிப் பொருத்தி, வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். சுமார் 25-ஆம் நாள், தோல் புது இடத்தில் பிடித்துக்கொண்டதும், பட்டையை வெட்டிவிட்டார்.

இச்செய்தி சென்னைப் பத்திரிகையில் வந்தது. பிறகு 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' படத்தோடு வெளியிட்டது. இந்தச் சிகிச்சையில் ஈடுபாடு கொண்டவர் ஜோசப் கார்ப்யூ. அனுபவமுள்ள சர்ஜன், மற்றவர்களுக்கே உடற்கூறு கற்றுக்கொடுத்த வாத்தியார். 'எனக்குத் தெரியாததா?' என்று அவர் இருந்துவிடவில்லை. இந்தியாவிலிருந்து திரும்பியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். பிணங்களில் செய்து பார்த்தார். 1814 அக்டோபர் 23-ஆம் தேதி, தமது 50-வது வயதில்தான், உயிருள்ள ஒருவருக்குக் கத்தியை எடுத்தார். மயக்க மருந்து வர இன்னும் 32 வருஷம் இருந்தது! இரண்டு நோயாளிகளுக்கும் வெற்றி. 1816-ல் புத்தகமாக எழுதி, இது இந்திய முறை என்றும் சொன்னார். புற்றுநோயில் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் நெற்றித் தோல்தான் கைகொடுக்கிறது.

டிகிரி வாங்கிப் பத்து வருஷத்தைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு, கார்ப்யூவின் பொறுமை ஒரு பாடம். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. வண்டிக்காரர் பெயர் இருக்கிறது, வேடிக்கை பார்த்த டாக்டர்கள் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவரின் பெயரை மட்டும் ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பேராசிரியர்களின் படங்கள் எப்படியும் வந்துவிடும். நமக்கு அரம் பிடிக்கவும், லேத்தில் கை வைக்கவும் சொல்லிக்கொடுத்த ஒர்க்‌ஷாப் அண்ணன்மார்களின் பெயர்களையும் ஒரு பக்கத்தில் அச்சிட வேணும். நினைவிருப்பவர்கள் இந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.